ஓடுற கட்டில்

ஆஸ்பத்திரி முழுக்க அவளை 'நரம்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரே நிற்கும்போது நரம்பு சிஸ்டர், முதுகுக்குப் பின்னால் வெறும் நரம்பு. வேறு வார்டுகளில் இரண்டு மூன்று பேர் குத்திப் பார்த்துக் கைவிட்ட கையில்கூட அவள் ஒரே குத்தில் ஊசியை இறக்கிவிடுவாள். குழந்தைகள் வார்டிலிருந்து போன் வரும், அவசரப் பிரிவிலிருந்து ஆள் வரும். அவள் போய், நோயாளியின் கையைத் தன் மடியில் வைத்து, இரண்டு விரலால் தடவிக்கொண்டே வேறெங்கோ பார்ப்பாள். கண்ணால் தேடினால் கிடைக்காது, விரலுக்குத்தான் தெரியும் என்பது அவள் கட்சி.

"நம்ம சிஸ்டர் கல்லுலகூட நரம்பு உரிப்பாங்க" என்பாள் ரேடியோ.

ரேடியோ அவளோடு அதே பெண்கள் வார்டில் பகல் வேலை பார்க்கும் இன்னொரு நர்ஸ். வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று யாரோ பயமுறுத்தியதுபோல ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர்.

வார்டு இரண்டாவது மாடியில், லிஃப்டுக்கு எதிரே. கதவை ஒட்டியிருந்த முதல் கட்டிலுக்கு 'ஓடுற கட்டில்' என்று பெயர். தெருவில் படுத்திருந்து, கையெல்லாம் ஊசித் தழும்போடு வந்து சேருகிறவர்களை அதில்தான் போடுவார்கள். இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. எப்படியும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடப்போகிறவர்கள், ஓடும்போது மற்றவர்களின் குளுக்கோஸ் ஸ்டாண்டில் இடித்துக்கொள்ளாமல் ஓடட்டும் என்று எப்போதோ யாரோ ஆரம்பித்து வைத்தது. மற்ற கட்டில்களுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி உண்டு. இதற்கு இல்லை. வைத்துக்கொள்ள என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். லிஃப்ட் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டில் லேசாக அதிரும்.

அந்தக் கட்டிலைப் பற்றி நரம்புக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எதைப் பற்றியும் அபிப்பிராயம் இல்லை. அப்பா ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அம்மா ஒரு ஆபீசில் கூட்டித் துடைக்கிறவள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவள்தான். பட்டத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அப்பா தன் கையாலேயே சுவரில் ஆணி அடித்தார். ஆணி பெரிதாகிப்போய் சுவரில் விரிசல் விட்டது. அதைக் காட்டிக் காட்டி அம்மா இன்றைக்கும் சிரிப்பாள். இவளுக்குச் சிரிப்பு வருவதில்லை. "உங்கிட்ட பேசறதும் இந்தச் செவுத்துக்கிட்ட பேசறதும் ஒண்ணுடி. அதுலயாவது விரிசல் விட்டுருக்கு" என்பாள் அம்மா.

செத்தவரின் கண்ணை மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, டப்பாவைத் திறந்து மிச்சம் வைக்காமல் சாப்பிட அவளால் முடிந்தது. இது வேலை பழகிவிட்டதா, இல்லை தனக்குள் ஏதோ ஒன்று கெட்டுப்போய்விட்டதா என்று பஸ்ஸில் உட்கார்ந்து சில நாள் யோசிப்பாள். யோசித்து முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

அந்தப் பெண்ணை ஆம்புலன்ஸ்காரர்கள் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்து தூக்கிவந்தார்கள். நாற்பது வயதிருக்கும். உடம்பு அனலாகக் கொதித்தது. ஒரு துணி மூட்டையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

"பேரு?" என்றாள் ரேடியோ.

"காலர்னு கூப்பிடுவாங்க."

"இதென்ன பேரு?"

"துணிக் கம்பெனில இருந்தேன். இருந்த வரைக்கும் காலர் மட்டும்தான் தெச்சேன். கை தெக்கறவ வேற, பட்டன் வெக்கறவ வேற. முழுச் சட்டை எப்படி இருக்கும்னு ரோட்டுல போறவன் மேலதான் பாத்தேன்."

"அப்ப காலரத் தூக்கி விட்டுக்க வேண்டியதுதான்."

"இப்ப என்னையே தூக்கி விட ஆள் வேண்டியிருக்கு சிஸ்டர்."

ரேடியோ சிரித்தாள். நரம்பு அடுத்த கேள்விக்குப் போனாள். "போதைப் பழக்கம் எதாவது இருக்கா?"

"அதெல்லாம் கிடையாது."

ரேடியோ அவள் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கறுத்து, கயிறு ஓடியதுபோல இருந்தது. "இதெல்லாம் என்ன, எறும்பு கடிச்சுதா?"

"கேட்டதுக்கு பதில் சொன்னேன்" என்று காலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

நரம்பு 'இல்லை என்கிறார்' என்று எழுதினாள். அந்த வார்டில் 'இல்லை என்கிறார்' என்றால் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். படிக்கிறவர்களுக்கும் அது தெரியும்.

பிறகு கையை மடியில் வைத்துத் தேட ஆரம்பித்தாள். தொட்ட இடமெல்லாம் இறுகிப்போன நரம்புகள். சுள்ளியைத் தடவுவது மாதிரி இருந்தது. மேலே மேலே போய், இடது மேல்கையின் உட்பக்கத்தில் ஒன்று அவள் விரலுக்கு மெத்தென்று அகப்பட்டது. உடனே காலரின் மற்ற கை வந்து அதை மூடியது.

"அது வேணாம் சிஸ்டர்."

"ஏன், வலிக்குதா?"

"அது ஒண்ணுதான் மிச்சம். எனக்குன்னு விட்டு வெச்சிருக்கேன்."

"உசுரு இருந்தாத்தான உனக்குன்னு எதாவது இருக்கும். கைய எடு."

ஒரே குத்து. ஊசி உள்ளே இறங்கும்போது விரலுக்கு மட்டும் தெரியும் ஒரு சின்ன 'டக்' உண்டு. நாள் முழுக்க அவளுக்கு ஏதாவது ஒன்று உறைக்கிறது என்றால் அது அந்த 'டக்' ஒன்றுதான். பிளாஸ்டிக் குழாயை உள்ளே தள்ளி, பிளாஸ்டர் ஒட்டி, மருந்தை மாட்டினாள். காலர் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துவிட்டு சின்ன டாக்டர் வந்து சொன்னார். ஊசி வழியாகப் போன கிருமி இதயத்து வால்வில் உட்கார்ந்திருக்கிறது. நரம்பு வழியாக நேரம் தவறாமல் மருந்து ஏற வேண்டும், வாரக்கணக்கில். நடுவில் விட்டால் வால்வு கிழிந்துவிடும். "இவங்க அதுவரைக்கும் இருப்பாங்களான்னுதான் தெரியல" என்றார். கதவோரக் கட்டிலைப் பார்த்ததும் அவருக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கும்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு மேல் காலர் கொட்டாவி விட ஆரம்பித்தாள். சாதாரணக் கொட்டாவி இல்லை. தாடை கழன்றுவிடும்போல ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுகியது.

"பாத்தியா, மப்புல மெதக்கறா" என்றாள் ரேடியோ. "நீ அழகா ஒரு குழாயப் போட்டுக் குடுத்த. அவ அதுலயே ஏத்திக்கிட்டா."

கொட்டாவி விட்டால் போட்டுவிட்டாள் என்று அர்த்தம். நரம்பு இந்த வார்டுக்கு வந்த புதிதில் மூத்த நர்ஸ்கள் சொல்லிக்கொடுத்தது இது. இவளும் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அப்படி யாராவது குழாயில் போட்டுக்கொண்டால் உடனே குழாயை எடுத்துவிட வேண்டும், வலி மாத்திரையையும் நிறுத்த வேண்டும். ரேடியோ மூட்டையை அவிழ்த்துத் தேடினாள். ஒரு சீப்பு, பாதி பன், துணித் துண்டுகள். தலையணைக்கு அடியில் தேடினாள், மெத்தைக்கு அடியில் தேடினாள். ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"என்னத்த?" காலர் பல் கிட்டிப்போய்க் கேட்டாள். கையில் முடியெல்லாம் குத்திட்டு நின்றது.

நரம்பு பிளாஸ்டரை உரித்துக் குழாயை வெளியே எடுத்தாள். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போது காலர் அவளைப் பார்த்தாள்.

"எதுக்கு எடுத்தீங்க?"

"போட்டிருக்க. கொட்டாவிதான் சொல்லுதே."

"போட்டா கொட்டாவி வராது சிஸ்டர். போடலன்னாத்தான் வரும். பசிச்சா வயிறு கத்தும்ல, அந்த மாதிரி."

நரம்பின் கை பஞ்சின்மேல் அப்படியே நின்றது. "அப்ப போடறவதான்னு ஒத்துக்கற. நேத்து கேட்டப்ப இல்லன்ன."

"நீங்க போதை இருக்கான்னு கேட்டீங்க. போதை கெடைச்சு ரொம்ப வருசமாச்சு. ஆரம்பத்துல வந்துச்சு. இப்பல்லாம் போட்டா எந்திரிச்சு நிப்பேன், ஒரு பன்னு எறங்கும், அவ்வளவுதான். மருந்து போடுவியான்னு கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன்."

"அதுக்குப் பேரு மருந்தா?" என்றாள் ரேடியோ.

"எங்க பக்கம் அப்படித்தான். வேற எப்படிச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

ரேடியோ மூட்டையைத் திரும்பக் கட்டினாள். நரம்பு புதுக் குழாயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த நல்ல நரம்பு அதற்குள் சுருங்கி உள்ளே போய்விட்டது. வேறு இடத்தில் குத்தினாள். இன்னொரு இடத்தில் குத்தினாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. காலர் கையை இழுத்துக்கொள்ளாமல், கொட்டாவி விட்டபடி, நடுங்கியபடி, குத்துகிற வரைக்கும் குத்தட்டும் என்பதுபோல நீட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் நரம்பே நிறுத்திவிட்டாள். இதுவரை எத்தனை கொட்டாவிகளைப் பார்த்துக் குழாயை எடுத்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தாள். முகம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எல்லோருக்கும் அதே கட்டில்தான். அவ்வளவுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்திருந்தார். மூட்டை அழுத்தி அழுத்தி அவர் வலது தோளில் ஒரு கட்டி எழும்பியிருக்கும். வேலை முடிந்து வந்ததும் ஒரு டம்ளர். அதற்குக் குடி என்று அந்த வீட்டில் யாரும் பெயர் வைத்ததில்லை. அம்மா டானிக் என்பாள். பிள்ளைகளும் டானிக் என்றே சொல்லி வளர்ந்தார்கள்.

"அது குடிச்சா எப்படிப்பா இருக்கும்?" என்றாள் நரம்பு.

"எப்படி இருக்கும்னா? தோளுன்னு ஒண்ணு இருக்கறது தெரியாது."

"சந்தோசமா இருக்குமா?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "சந்தோசத்துக்கா குடிக்கறேன்? காலைல மறுபடியும் தூக்கணும்ல. என்னம்மா, நான் என்ன குடிகாரனா?"

"ஆஸ்பத்திரில கேட்டுட்டு வரச் சொன்னாங்களா?" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "இத்தன வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் பொண்ணுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கு."

நரம்புக்கு இந்தத் தோளில்தான் படித்தோம் என்று தெரியும். அந்தத் தோளை நிற்க வைத்தது எது என்பதும் தெரிந்துதான் இருந்தது. குடித்தால்தான் மறுநாள் எழ முடியும் என்பதற்குப் படித்த புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினாள். அந்தப் பெயரை ஏன் ஒருநாளும் இந்த நாற்காலியோடு சேர்த்துப் பார்க்கவில்லை? கேட்டுக்கொண்டாளே தவிர, வருத்தம் என்று ஒன்றும் மேலே வரவில்லை. சாப்பிட்டாள், படுத்தாள்.

காலையில் வார்டுக்குப் போனால், காலர் செருப்பை மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். படுக்கை விரிப்பெல்லாம் நனைந்திருந்தது. ராத்திரி பூராவும் வாந்தியும் பேதியும் என்று ஆயாம்மா சொன்னாள்.

"போறேன் சிஸ்டர். போட்டுட்டு வந்துடறேன்."

"போனா திரும்பச் சேத்துக்க மாட்டாங்க."

"தெரியும்."

"ரவுண்ட்ஸ் முடியற வரைக்கும் இருங்க. அதுக்கப்புறம் போறதுன்னா போங்க."

அந்த 'ங்க' காதில் விழுந்ததும் காலர் நிமிர்ந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றவில்லை. ஆனால் எழவும் இல்லை.

நரம்பு சின்ன டாக்டரைத் தேடிப் போய்ச் சொன்னாள். இந்தத் தவிப்பை அடக்க மாத்திரை இருக்கிறது, அளவாகக் கொடுத்தால் அவள் ஓட வேண்டியதில்லை. மேல்கையில் ஆழமாக ஒரு நீளக் குழாய் போட்டுவிட்டால் நரம்பு தேடவும் வேண்டியதில்லை.

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் அவர். "பெரியவர் ஒத்துக்கணுமே."

பெரிய டாக்டர் கட்டிலருகே நிற்காமல் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. களைத்துப்போனவர்.

"மாத்திரை சரி. குடுத்துப் பாக்கலாம். நீளக் குழாய் வேணாம். நேரா இதயத்துக்குப் போற வழி அது. முன்ன ஒருத்தி அதுலயே ஏத்திக்கிட்டு டாய்லெட்ல செத்துக் கெடந்தா. விசாரணைல போய் நின்னது நான்."

"குழாய் இல்லாம மருந்து ஏறாது சார். வேற நரம்பு இல்ல" என்றாள் நரம்பு.

"உங்களுக்கே கெடைக்கலையா?"

"இல்ல சார். இருந்த ஒண்ண நான்தான் எடுத்துட்டேன்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "சரி, அவ அதுல போட்டு எதாவது ஆச்சுன்னா நீங்க பொறுப்பெடுத்துக்கறீங்களா சிஸ்டர்? எழுதிக் குடுப்பீங்களா?"

"எடுத்துக்கறேன் சார்."

காய்ச்சல் எவ்வளவு என்று வாசித்துச் சொல்லும் அதே குரலில்தான் சொன்னாள். பெரிய டாக்டர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு, சின்ன டாக்டரிடம் தலையாட்டிவிட்டுப் போனார்.

"பைத்தியமாடி உனக்கு?" ரேடியோ அவளை மருந்து அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். "வேலை போச்சுன்னா உங்கப்பா இன்னும் எத்தன வருசம் மூட்டை தூக்குவாரு? அவ யாரு உனக்கு, அக்காவா தங்கச்சியா?"

"யாருமில்ல."

"பின்ன?"

பின்ன என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை. பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பயம் இல்லாததால்தான் வாயில் வந்ததோ, தைரியம் என்று இதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லையோ என்று தோன்றியது. மரத்துப்போன காலில் முள் குத்தினால் அதைப் பொறுமை என்று யாராவது சொல்வார்களா?

நரம்பு எழுதிக் கையெழுத்துப் போட்டாள், குழாய் போட்டார்கள். மாத்திரை ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாள் கொட்டாவி நின்றது. காலர் சாப்பிட்டாள், குளித்தாள், மல்லாந்து தூங்கினாள். தூக்கம் போக மிச்ச நேரத்தில் ரேடியோவோடு வம்பு.

"உங்க கோட்டுல காலர் கோணல் சிஸ்டர். இடதுபக்கம் இழுத்துத் தெச்சிருக்காங்க."

"ஒரு வாரமா இருக்க, இப்பதான் சொல்றியா?"

"வந்த மறுநாளே தெரிஞ்சுது. அப்ப நீங்க என் மூட்டையத் தேடிட்டிருந்தீங்க, எதுக்கு நடுவுல பேசணும்னு விட்டுட்டேன்."

காய்ச்சல் இறங்கியது. உள்ளே தள்ளி ஒரு கட்டில் கிடைக்குமா என்று நரம்பு கேட்டுப் பார்த்தாள். காலியில்லை என்றார்கள். மருந்து ஏற வேண்டிய நாட்களில் பாதி தாண்டியிருந்தது.

ஒருநாள் மதியம் கீழே ரத்த வங்கிக்குப் போய்விட்டு வந்தால் கதவோரக் கட்டில் காலியாக இருந்தது. செருப்பு இல்லை. மூட்டையும் இல்லை. ரேடியோ மேஜையருகே நின்றுகொண்டிருந்தாள், பேசாமல். அவள் பேசாமல் நிற்பதை வார்டே வேடிக்கை பார்த்தது.

"டாய்லெட்ல?" என்றாள் நரம்பு.

"பாத்துட்டேன். இல்ல."

"மொட்டை மாடி?"

"ஆயாம்மா போயிருக்கு. மருந்து நேரம் வந்துடுச்சுடி. இனிமே பெரியவர்கிட்ட சொல்லாம இருக்க முடியாது."

நரம்பு போனை எடுத்தாள். எண்ணை அழுத்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ ஒரு சந்தில், இவள் கையெழுத்துப் போட்ட குழாயோடு காலர் சாய்ந்து கிடப்பதை நினைத்துப் பார்க்க முயன்றாள். படம் தெளிவாக வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சரி என்று முதல் எண்ணை அழுத்தும்போது லிஃப்ட் திறந்தது. காலர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, தன் கட்டிலில் உட்கார்ந்தாள்.

நரம்பு போனை வைத்துவிட்டு அருகே போனாள். காலரின் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"போட்டீங்களா?"

"ம்."

"எதுல?"

"கால்ல. இதத் தொடல. பாருங்க." காலர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். பிளாஸ்டர் காலையில் ஒட்டியபடியே இருந்தது. ஓரம்கூடப் பிரியவில்லை.

"மாத்திரை பத்தலையா?"

"பத்துது. நடுக்கமெல்லாம் இல்ல." காலர் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். "பஸ் ஸ்டாண்டு பின்னால என் எடம் இருக்கான்னு பாக்கப் போனேன். இங்க முடிஞ்சா அங்கதான போகணும். வேற ஒருத்தி படுத்திருக்கா, சாமானெல்லாம் பரப்பி வெச்சுக்கிட்டு. பாத்துட்டு சும்மா வர முடியல."

"எடம் போச்சா?"

"போச்சு."

கோபம் வரவேண்டிய இடம் இது என்று நரம்புக்குத் தெரிந்தது. வயிற்றில் பால் வார்த்ததுபோல இருக்கவேண்டிய இடமும் இதுதான். இரண்டையும் தேடிப் பார்த்தாள், கையை மடியில் வைத்து விரலால் தேடுவதுபோல. விரலுக்கு ஏதோ தட்டியது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மருந்து நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. குழாயின் வாயைத் துடைத்து, உப்புத் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தாள். தடையில்லாமல் போனது. மருந்தை மாட்டினாள்.

"இன்னைக்கு சாயங்கால மாத்திரை கிடையாது. ரெண்டும் சேந்தா மூச்சு நின்னுடும்."

"தெரியும்."

"நான் இங்கயேதான் உக்காந்திருக்கப் போறேன். தூங்கினா எழுப்புவேன்."

"உக்காருங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காலரின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையிலிருந்து ரேடியோவின் குரல் வந்தது.

"ஓடிப்போய்ட்டான்னு எழுதவா, வேணாமா?"

"வேணாம். வந்துட்டாங்க."

"எங்க போயிருந்தாளாம் மகாராணி?"

"வீடு இருக்கான்னு பாக்கப் போயிருந்தாங்க."

ரேடியோ பேனாவை மூடிவிட்டு, அடுத்த கட்டில்காரிக்குக் காய்ச்சல் பார்க்கப் போனாள். காலரின் தலை மெல்லச் சரிந்தது. நரம்பு அவள் தோளைத் தட்டினாள்.

"தூங்காதீங்க."

"தூங்கல சிஸ்டர். கண்ணுதான் மூடியிருக்கு."

"அதையும் தொறங்க."

காலர் கண்ணைத் திறந்தாள்.